கொக்கி சொன்னதும் சொல்லாததும்: மூஞ்சூற்றின் நாடாப்புழுக்களை வகைப்படுத்திய வரலாறு

மூஞ்சூறு எலி அன்று. பிள்ளையாரின் ஊர்தியென்று அதைக் கைகூப்புவோரும், அதன் நாற்றம் தாளாமல் வீட்டைவிட்டு விரட்டுவோரும் அதனை எலிக்கூட்டத்தோடு சேர்த்தே எண்ணிப் பழகிவிட்டனர். எலிக்கு வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும் உளிப்பற்கள் உண்டு. மூஞ்சூற்றுக்கு அவை இல்லை. கொறிப்பது அதன் தொழிலும் அன்று. பூச்சி, மண்புழு, மரவட்டை, நத்தை என நிலத்தில் ஊர்வனவற்றை நீண்ட மூக்கால் மோப்பம் பிடித்துத் தின்னும் பிராணி அது. அதன் நெருங்கிய உறவு முள்ளெலி. பெயரில் மட்டுமே எலியைச் சுமக்கும் முள்ளெலியும் எலி அன்று.

தோற்றத்தை நம்பி உறவைக் கணித்த இப்பிழை பொதுமக்களுடையது மட்டுமன்று. ‘பூச்சியுண்ணிகள்’ என்னும் ஒரே வரிசையில் மூஞ்சூறு, முள்ளெலி, ஆப்பிரிக்கத் தென்ரெக், பொன்மூஞ்சி எனப் பலவற்றை விலங்கியலாளர் நெடுங்காலம் அடைத்து வைத்திருந்தனர். 1998-இல் வெளிவந்த மரபணு ஆய்வுகள் அவ்வரிசையை உடைத்தன. தென்ரெக்கும் பொன்மூஞ்சியும் யானையின் உறவினர் என்று தெரியவந்தது. மூஞ்சூறு தன் முள்ளெலியோடு தனியே நின்றது.

ஓம்புயிரியின் வரலாறு இவ்வாறிருக்க, அதன் குடலுக்குள் வாழும் நாடாப்புழுக்களின் வரலாறும் ஏறத்தாழ இதே வழியில் சென்றது. எந்த அடையாளம் ஒரு புழுவை மற்றொன்றிலிருந்து பிரித்துக்காட்டும், எந்த அடையாளம் அதன் உறவைச் சொல்லும் என்னும் இரண்டு கேள்விகளும் ஒன்றே எனக் கருதப்பட்டதுதான் அந்த வரலாற்றின் நடுச்சிக்கல். அச்சிக்கல் அவிழ நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மூஞ்சூறுகளின் உடல் சிறியது; பசி பெரியது. சிறிய மூஞ்சூறு இனங்கள் நாளொன்றுக்குத் தம் உடல் எடைக்கு நெருங்கிய அளவு இரை தேடியாக வேண்டும். ஆண்டுக்கணக்கில் வாழும் வரமும் அவற்றுக்கு இல்லை. ஐரோப்பாவின் சோரெக்ஸ் மூஞ்சூறுகள் பெரும்பாலும் ஒன்றரை ஆண்டைத் தாண்டுவதில்லை. தின்னும் வண்டிலும் மரவட்டையிலும் நத்தையிலும் நாடாப்புழுவின் இளம்பருவம் காத்திருக்கிறது. ஆகவே ஒரே மூஞ்சூற்றின் குடலில் பல இனப் புழுக்கள், சில வேளைகளில் நூற்றுக்கணக்கில், ஒன்றாக வாழ்வது இயல்பு. மனிதக் குடலில் பல மீட்டர் நீளும் நாடாப்புழுவை மனத்திற்கொண்டு இவற்றைத் தேடுவோர் ஏமாறுவர். இவற்றுட் பல சில மில்லிமீட்டர் நீளமே உடையவை. குடற்சுவரின் விரலிகளுக்கிடையே வெண்ணூல் துணுக்குகளாகக் கிடப்பவை. மூஞ்சூறு இறந்த சில மணி நேரத்திற்குள் அவையும் சிதையத் தொடங்கும். ஆராய்பவனுக்கு இயற்கை அளிக்கும் அவகாசம் அவ்வளவுதான்.

இப்புழுக்களை முதன்முதலில் தனிப்பொருளாகக் கொண்டு ஆழ்ந்து எழுதியவர்களுள் ஒருவர் பிரான்சு நாட்டின் ஃபெலிக்ஸ் துயுஜார்தன் (1801–1860). உயிரணுவுக்குள் உள்ள கூழ்மப் பொருளுக்கு 1835-இல் ‘சார்கோடு’ என்று பெயரிட்டவர் என்பதால் உயிரணுவியல் வரலாற்றில் அவர் பெயர் நிலைத்துள்ளது. ரென் நகரில் பேராசிரியராக இருந்தபோது அவர் கவனம் மூஞ்சூறுகளின் குடலுக்குத் திரும்பியது. 1843-இல் மூஞ்சூறுகளின் குடற்புழுக்களைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையை வெளியிட்டார். அக்கட்டுரையின் தலைப்பிலேயே இரு சொற்கள் இடம்பெற்றன: உருமாற்றம், இடப்பெயர்ச்சி.

இன்று எளிதாகத் தோன்றும் இவ்விரு சொற்களும் அக்காலத்தில் துணிச்சலானவை. குடற்புழுக்கள் குடலிலேயே தாமாகத் தோன்றுகின்றன என்னும் கருத்து அப்போது முற்றிலும் ஒழிந்திருக்கவில்லை. வெளியிலிருந்து புழு எவ்வாறு உள்ளே வர இயலும், வந்ததாயின் வெளியே அதன் உருவம் என்ன என்னும் கேள்விகளுக்கு விடை இல்லை. புழு ஓர் உடலில் ஓர் உருவிலும் வேறோர் உடலில் வேறோர் உருவிலும் வாழலாம் என்னும் எண்ணம் அப்போதுதான் முளைவிட்டிருந்தது. 1850-களில் செருமானிய மருத்துவர் கூக்கன்மைஸ்டர், பன்றி இறைச்சியில் காணப்படும் நீர்ப்பை உருக்களே மனிதக் குடலின் நாடாப்புழுவாக வளர்கின்றன என்று உணவூட்டிச் சோதித்துக் காட்டினார். துயுஜார்தன் எழுதியது அதற்கும் முன்னர்.

1845-இல் அவர் குடற்புழுக்களின் இயற்கை வரலாற்றைப் பெருநூலாக வெளியிட்டார். மூஞ்சூற்றின் நாடாப்புழுக்கள் பலவற்றுக்கு அவர் இட்ட பெயர்கள் இன்றும் வழக்கில் உள்ளன: பிஸ்டில்லம், ஸ்கலாரிஸ், தியாரா. இலத்தீனில் இவை முறையே உலக்கை, ஏணி வடிவம், மகுடம் என்று பொருள்படும். கண்ணில் பட்ட உருவமே பெயராயிற்று. பேரினப் பெயரைப் பொறுத்தவரை அவருக்கு வேறு வழி இல்லை; நாடாப்புழுக்களுட் பெரும்பாலானவை அன்று லின்னேயசின் ‘டீனியா’ என்னும் ஒரே கூடையில் கிடந்தன.

அக்கூடையிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்தெடுத்தவர் டேவிட் ஃபிரெடரிக் வைன்லாந்து. செருமானியரான அவர் சில ஆண்டுகள் அமெரிக்காவின் மசாசூசெட்சில் பணியாற்றினார். 1842-இல் பாஸ்டன் நகரில் ஒரு குழந்தையின் உடலிலிருந்து வெளியேறிய நாடாப்புழு அவரிடம் ஆய்வுக்கு வந்து சேர்ந்தது. 1858-இல் அவர் அதனை விவரித்தபோது ‘ஹைமெனோலெப்பிஸ்’ என்னும் பேரினத்தை உருவாக்கினார். முட்டையைச் சூழ்ந்த சவ்வுறையைக் குறிக்கும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. அந்தப் புழு, எலிகளில் வாழ்வதாக ருடோல்ஃபி 1819-இல் விவரித்த டிமினூட்டா என்னும் இனமே எனப் பின்னர் தெளிந்தது. பிற்காலத்தில் ‘ருலாமன்’ என்னும் கற்காலப் புதினத்தை எழுதிச் செருமானியச் சிறாரிடையே புகழ்பெற்றவரும் இதே வைன்லாந்துதான்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். விலங்குப் பெயரிடல் விதிகளின்படி ஒவ்வொரு பேரினப் பெயரும் ஒரு வகையினத்தோடு கட்டப்பட்டுள்ளது. பேரினத்தை எத்தனை துண்டாக உடைத்தாலும் அந்த வகையினம் எந்தத் துண்டில் இருக்கிறதோ அந்தத் துண்டுக்கே பழைய பெயர் உரியது. ஹைமெனோலெப்பிசின் வகையினமான டிமினூட்டாவின் தலையில் நான்கு ஒட்டுறிஞ்சிகள் உண்டு. ஆனால் கொக்கிகள் இல்லை. மூஞ்சூற்றின் நாடாப்புழுக்கள் பலவற்றின் தலையிலோ முன்முனைக் குமிழைச் சுற்றி ஒரு வளையமாகக் கொக்கிகள் அணிவகுத்து நிற்கின்றன. இந்த வேறுபாடு நூறாண்டுகளுக்குப் பின் பெரும் பூசலுக்கு வித்தாயிற்று.

கொக்கிக்கு அத்தனை மதிப்பு ஏன் வந்தது என்பதற்கு விடை 1877-இல் கிடைக்கிறது. பிரான்சின் கிரெனோபிள் பகுதியைச் சேர்ந்த ஆல்ஃபிரட் விலோ, தொட்டால் உருண்டையாகச் சுருளும் குளோமெரிஸ் என்னும் மரவட்டையை அறுத்துப் பார்த்தார். அதன் உடலுக்குள் திராட்சைக் குலைபோல் ஒன்றோடொன்று ஒட்டிய நுண்பைகள் இருந்தன. ஒவ்வொரு பைக்குள்ளும் ஒரு நாடாப்புழுவின் தலை மடங்கிக் கிடந்தது. ஒரே முட்டையிலிருந்து வந்த கரு, மொட்டுவிட்டுப் பெருகிப் பல இளவுயிரிகளாகியிருந்தது. கிரேக்கத்தில் திராட்சைக் குலையைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு இவ்விளவுயிரிக்கு அவர் ‘ஸ்டாஃபைலோசிஸ்டிஸ்’ என்று பெயரிட்டார்.

அந்தத் தலைகளில் இருந்த கொக்கிகளை விலோ எண்ணினார், அளந்தார், வரைந்தார். துயுஜார்தன் மூஞ்சூற்றில் கண்ட உலக்கைப் புழு, ஏணிப் புழு ஆகியவற்றின் கொக்கிகளோடு அவற்றை ஒப்பிட்டார். இளவுயிரியின் உடல் வளர்ந்த புழுவைப்போல் இருப்பதில்லை. நீண்ட உடற்கண்டங்கள் அதற்கு இல்லை. இனப்பெருக்க உறுப்புகளும் இல்லை. ஆனால் கொக்கி இளவுயிரியில் முழுமையாக உருவாகி, மூஞ்சூற்றின் குடலை அடைந்த பின்னும் எண்ணிக்கையும் வடிவமும் மாறாமல் இருக்கிறது. மரவட்டைக்குள் ஒன்றும் மூஞ்சூற்றுக்குள் மற்றொன்றுமாக வாழும் இரு உருவங்களை ஒரே உயிராகப் பிணைக்கக் கண்ணுக்குக் கிடைத்த சான்று கொக்கி ஒன்றே. துயுஜார்தன் தலைப்பில் வைத்த இடப்பெயர்ச்சி என்னும் சொல்லுக்கு உருவளவில் கிடைத்த உறுதிகளுள் இதுவும் ஒன்று.

இளவுயிரிக்கு இட்ட அப்பெயரே பின்னாளில் வளர்ந்த புழுவின் பேரினப் பெயராயிற்று. இன்று மூஞ்சூறுகளின் நாடாப்புழுக்களுள் பெரும்பேரினமாகிய ஸ்டாஃபைலோசிஸ்டிஸ் தன் பெயரை மூஞ்சூற்றிடமிருந்து பெறவில்லை. மரவட்டையின் வயிற்றிலிருந்த திராட்சைக் குலையிடமிருந்து பெற்றது.

கொக்கி இவ்வாறு ஒரு பெரிய வழக்கில் மெய்ச்சான்று பகர்ந்துவிட்டதால் அதன் சொல்லுக்கு எல்லா வழக்கிலும் மதிப்பு ஏறியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் புதிய இனங்கள் குவியத் தொடங்கின. பீட்டர்ஸ்பர்க் நகரின் நிக்கோலாய் கோலோத்கோவ்ஸ்கி 1906-இலும் 1912-இலும் மூஞ்சூற்றுப் புழுக்கள் சிலவற்றை விவரித்தார். கெத்தேயின் ‘ஃபௌஸ்ட்’ நாடகத்தை உருசிய மொழியில் பெயர்த்தவரும் இவரே. பிரான்சின் ஷார்ல் ஷோயேவும் சுவிட்சர்லாந்தின் ஷான் ஷோர்ஷ் பேரும் இணைந்து 1935-இல் கருப்பை முட்டைப் பொதிகளாகச் சிதறும் ஒரு புழுவுக்கென ‘சூடைமெனோலெப்பிஸ்’ என்னும் பேரினத்தை நிறுவினர். அதன் வகையினத்தின் பெயர் ரெடோனிக்கா. ரென் நகரின் பண்டைக் குடியினரான ரெடோனர் பெயரிலிருந்து வந்தது. துயுஜார்தனின் ஊர் இவ்வாறு மூஞ்சூற்றுப் புழு ஒன்றின் பெயரிலும் தங்கியது.

எனினும் பெரும்பாலான இனங்கள் ஹைமெனோலெப்பிஸ் என்னும் ஒரே பேரினத்திலேயே கொட்டப்பட்டன. பறவை, எலி, வௌவால், மூஞ்சூறு என எவற்றில் கிடைத்தாலும், ஒரு கண்டத்தில் மூன்று விந்தகம் இருந்தால் பெயர் ஹைமெனோலெப்பிஸ். 1930-இல் ‘பிரித்தானிய இந்தியாவின் விலங்குகள்’ வரிசையில் சவுத்வெல் எழுதிய நாடாப்புழு நூல் இரு தொகுதிகளாக வந்தபோதும் அப்பேரினமே பெருங்கூடையாக இருந்தது. எல்லாவற்றையும் குறிக்கும் பெயர் எதையும் குறிப்பதில்லை. ஒரு பேரினத்தில் நூற்றுக்கணக்கான இனங்கள் அடைந்து கிடக்கும்போது, புதிதாகக் கிடைத்த புழுவை எதனோடு ஒப்பிடுவது என்பதே தெரியாமற்போகிறது.

கூடையைக் கொட்டிப் பிரித்தவர்கள் சோவியத் ஆய்வாளர்கள். கான்ஸ்டன்டின் ஸ்கிரியாபின் (1878–1972) அந்நாட்டில் குடற்புழுவியலை ஒரு தேசியப் பணியாகவே வளர்த்திருந்தார். நூற்றுக்கணக்கான களப்பயணங்கள் நாட்டின் எல்லாத் திசைகளிலிருந்தும் புழுக்களைக் கொண்டுவந்தன. அப்பள்ளியில் வந்த அலெக்சேய் ஸ்பாஸ்கி 1947-இல் மூஞ்சூற்றுப் புழுக்களுக்கென நியோஸ்கிரியாபினோலெப்பிஸ், 1948-இல் மாத்தேவோலெப்பிஸ் ஆகிய பேரினங்களை நிறுவினார். இரண்டும் அவருடைய துறை முன்னோர் பெயரைத் தாங்கியவை. 1954-இல் பாலூட்டிகளின் ஹைமெனோலெப்பிடுகள் அனைத்தையும் புதிதாக வகைப்படுத்தி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். ரோடென்டோலெப்பிஸ், வாம்பிரோலெப்பிஸ், சோரிசினியா ஆகிய பெயர்கள் அவ்வாண்டில் பிறந்தன.

இப்பெயர்களைக் கேட்டாலே அவற்றின் கொள்கை விளங்கும். முதற்பெயர் கொறிணிகளையும், இரண்டாம் பெயர் வௌவால்களையும், மூன்றாம் பெயர் சோரெக்ஸ் மூஞ்சூறுகளையும் நினைவூட்டுகின்றன. ஓம்புயிரி எது என்பதும், கொக்கி உண்டா இல்லையா என்பதும் சேர்ந்து பேரினத்தை வரையறுத்தன. கொறிணியில் வாழும் கொக்கியுடைய புழு ஒரு பேரினம்; மூஞ்சூற்றில் வாழும் கொக்கியற்ற புழு வேறு பேரினம். இதில் நியாயம் இல்லாமலில்லை. ஓம்புயிரியோடு சேர்ந்தே ஒட்டுண்ணியும் பரிணமித்திருக்குமாயின், ஓம்புயிரியின் எல்லையே ஒட்டுண்ணியின் எல்லையாகவும் இருக்கும். பயன்படுத்துவோருக்கும் அது எளிது.

மேற்கு ஐரோப்பாவில் வேலை வேறு வகையில் நடந்தது. கிளோத் வோஷே 1971-இல் ‘ரெவ்யூ சுவிஸ் த சூவோலஜி’ இதழில் ஐரோப்பிய மூஞ்சூறுகளின் நாடாப்புழுக்களைப் பற்றி நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட ஆய்வை வெளியிட்டார். உடலமைப்பு, பெயர்ச்சீராய்வு, வாழ்வியல் ஆகிய மூன்றையும் ஒருங்கே எடுத்துக்கொண்ட அவ்வாய்வு இன்றளவும் இத்துறையில் கைவிளக்காக உள்ளது.

இத்தகைய பணியில் ஆய்வாளன் உண்மையில் செய்வது என்ன? புதிதாய் இறந்த மூஞ்சூற்றின் குடலைத் திறந்து புழுவை நீரில் தளரவிட்டு, ஆல்கஹாலில் நிலைப்படுத்தி, கார்மைன் சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதிக்கிறான். தலையைத் தனியே வெட்டி, ஒளி ஊடுருவும் ஊடகத்தில் வைத்து அழுத்துகிறான். கொக்கிகள் பக்கவாட்டில் படுத்தால்தான் அவற்றின் வடிவம் தெரியும். ஒவ்வொரு கொக்கிக்கும் கைப்பிடி, காப்பு, அலகு என மூன்று பகுதிகள். அவற்றின் நீளம் மைக்ரோமீட்டரில், அதாவது மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் அலகில் அளக்கப்படும். பிறகு உடற்கண்டங்களுக்கு வர வேண்டும். மூன்று விந்தகங்கள் முக்கோணமாக அமைந்துள்ளனவா, ஒரே வரிசையிலா? ஆண் புணர்ச்சியுறுப்பின் பை எவ்வளவு நீளம்? அவ்வுறுப்பின்மேல் முட்கள் உண்டா? கருப்பை பையா, வலையா, பொதிகளாகச் சிதறுவதா? நியோஸ்கிரியாபினோலெப்பிஸ் இனங்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்கத் தலைக்கொக்கியோடு புணர்ச்சியுறுப்பின் முட்களையும் பார்த்தாக வேண்டும். தகடு சரியாகப் பதியாவிட்டால் கொக்கி கோணலாகத் தெரியும், அளவு தவறும், இல்லாத ஓர் இனம் தாளில் பிறந்துவிடும்.

பேரினங்களைப் பற்றிய பூசல் இதற்கிடையே தீரவில்லை. அமெரிக்காவின் ஜெரால்டு ஷ்மிட் 1986-இல் வெளியிட்ட கையேட்டில் ஸ்பாஸ்கி பிரித்தவற்றுட் பலவற்றை மீண்டும் ஒன்றாக்கி வாம்பிரோலெப்பிசுக்குள் அடக்கினார். 1994-இல் முதுகெலும்பிகளின் நாடாப்புழுக்களுக்கான பெரும் வழிகாட்டி நூல் வந்தபோது இக்குடும்பத்தைப் போலந்தின் சாப்லின்ஸ்கியும் சுவிட்சர்லாந்தின் வோஷேயும் எழுதினர். பேரினங்கள் மீண்டும் பெருகின.

இப்பூசலில் நேரடியாகச் சிக்கியது மனிதனின் குறும்புழு. 1851-இல் கெய்ரோவில் தியோடர் பில்கார்ட்ஸ் ஒரு சிறுவனின் உடலில் கண்ட புழுவுக்குச் சீபோல்டு 1852-இல் நானா என்று பெயரிட்டார். அதன் தலையில் 20 முதல் 30 கொக்கிகள் உண்டு. கொக்கியற்ற டிமினூட்டாவே ஹைமெனோலெப்பிசின் வகையினம் என்பதால் நானா அங்கே இருக்க இயலாது என்றனர் ஒரு சாரார். ரோடென்டோலெப்பிஸ் நானா என்றனர். ஷ்மிட் வழி வந்தோர் வாம்பிரோலெப்பிஸ் நானா என்றனர். மருத்துவ நூல்கள் இன்றும் ஹைமெனோலெப்பிஸ் நானா என்றே அச்சிடுகின்றன. இந்தியா உட்படப் பல நாடுகளில் குழந்தைகளின் குடலில் மிகுதியாகக் காணப்படும் ஒரு புழுவைத் தேடும் மாணவன் மூன்று பெயர்களிலும் தேட வேண்டியிருக்கிறது. 2015-இல் கொலம்பியாவில் எச்.ஐ.வி. தொற்றுடைய ஒருவரின் நுரையீரலிலும் நிணநீர்க் கணுக்களிலும் வளர்ந்த கட்டி மனித உயிரணுக்களால் ஆனதன்று, இப்புழுவின் உயிரணுக்களால் ஆனது என்று மரபணுவால் கண்டறியப்பட்டது. ஒரு புழு எது என்று ஐயமறச் சொல்லும் ஆற்றல் எப்போது, எங்கே தேவைப்படும் என்று முன்கூட்டி யாரும் சொல்ல இயலாது.

பேரினப் பூசலுக்கு வேறொரு சாட்சி 2010-இல் வந்தது. பின்லாந்தின் வோய்ட்டோ ஹவுக்கிசால்மியும் உடனாய்வாளர்களும் கொறிணிகள், மூஞ்சூறுகள் ஆகியவற்றின் ஹைமெனோலெப்பிடுகளில் 28எஸ் என்னும் ரைபோசோம் மரபணுவின் வரிசையை ஒப்பிட்டு உறவுமரம் வரைந்தனர். அம்மரத்தில் கொக்கியுடையவை ஒருபுறமும் கொக்கியற்றவை மறுபுறமுமாகப் பிரியவில்லை. கொக்கி ஒருமுறையன்று, தனித்தனிக் கிளைகளில் பலமுறை இழக்கப்பட்டிருந்தது. ஓம்புயிரியின் எல்லையும் தாண்டப்பட்டிருந்தது: மூஞ்சூற்றிலிருந்து கொறிணிக்கும் கொறிணியிலிருந்து மூஞ்சூற்றுக்கும் புழுக்கள் தம் வரலாற்றில் குடிபெயர்ந்திருந்தன. ஒரே வண்டை இரண்டு பிராணிகளும் தின்னும் நிலத்தில் இது வியப்பன்று.

ஸ்பாஸ்கி பேரினங்களுக்கு ஓம்புயிரியின் பெயரை இட்டதன் விளைவு 2012-இல் வெளிப்பட்டது. ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் ஒரு சன்கஸ் மூஞ்சூற்றிலிருந்து புதிய நாடாப்புழுவைக் கிரைமனும் தக்காச்சும் விவரித்தபோது அதனை ரோடென்டோலெப்பிஸ் பேரினத்தில் வைக்க நேர்ந்தது. கொறிணியின் பெயரைத் தாங்கிய மூஞ்சூற்றுப் புழு! பெயரிடல் விதிகள் பெயரின் பொருளைப் பார்ப்பதில்லை, முன்னுரிமையையே பார்க்கின்றன.

கொக்கியற்ற மூஞ்சூற்றுப் புழுக்களுக்கென அமைந்த சோரிசினியாவும் அவ்வாறே தளர்ந்தது. போலந்தில் 1955-இல் விவரிக்கப்பட்ட ட்ரிபார்ட்டிட்டா என்னும் இனத்தை கோர்னியென்கோவும் பின்கியெனேயும் 2014-இல் மீண்டும் நுணுகி ஆராய்ந்து சோரிசினியாவிலிருந்து வெளியேற்றினர். அதற்கென நிறுவிய பேரினத்திற்குச் சைபீரியாவில் இப்புழுக்களை நெடுங்காலம் ஆராய்ந்த குல்யாயெவின் பெயரால் குல்யாயெவிலெப்பிஸ் என்று பெயரிட்டனர். ஓர் உறுப்பு இல்லை என்பதை அடையாளமாகக் கொண்டு கட்டிய குடும்பம் நெடுநாள் நிற்பதில்லை. இழப்பு எவருக்கும் நேரலாம்; இழந்தோர் அனைவரும் உடன்பிறந்தார் ஆகார்.

இதனால் கொக்கி பொய்ச்சான்று என்று முடிவு கட்டுவது தவறு. விலோ கேட்ட கேள்வி, இந்த இளவுயிரியும் அந்த வளர்ந்த புழுவும் ஒன்றா என்பது. அக்கேள்விக்குக் கொக்கி மெய்யே சொன்னது, இன்றும் சொல்கிறது. பின்வந்தோர் கேட்டது வேறு கேள்வி: இந்தப் புழுவும் அந்தப் புழுவும் ஒரே மூதாதையின் மக்களா? அதற்குக் கொக்கி உண்டா இல்லையா என்பது மட்டும் விடையாகாது. பிரித்தறிதல் ஒரு வேலை. வகைப்படுத்தல் வேறொரு வேலை. முன்னதில் வென்ற சான்றைப் பின்னதற்கும் நீதிபதியாக அமர்த்தியதே பிழை.

மரபணுவும் தனித்து நின்று தீர்ப்புச் சொல்ல இயலாது. தரவுவங்கியில் உள்ள ஒரு வரிசைக்கு எந்தப் பெயர் ஒட்டப்பட்டுள்ளதோ அந்தப் பெயர் தவறாயின், அதனோடு ஒப்பிடப்படும் ஒவ்வொரு புழுவுக்கும் அத்தவறு தொற்றும். துயுஜார்தனின் உலக்கைப் புழு எது என்று ஐயமறச் சொல்ல இன்றும் ஒருவர் தகட்டைப் பார்த்துக் கொக்கியை எண்ணியாக வேண்டும். கண்ணும் மரபணுவும் ஒன்றையொன்று திருத்தும்போதுதான் பெயர் நிலைபெறுகிறது.

இவ்வரலாற்றின் பெரும்பகுதி ஐரோப்பாவின் சோரெக்ஸ், குரோசிடூரா மூஞ்சூறுகளைச் சுற்றியே எழுதப்பட்டது. இந்தியாவின் வீட்டு மூஞ்சூறு சன்கஸ் மூரினஸ். லின்னேயஸ் 1766-இல் பெயரிட்ட இவ்விலங்கு மனிதனோடு கப்பலேறி இந்தியப் பெருங்கடலின் பல கரைகளை அடைந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் மொரீசியசிலும் அது குடியேறியுள்ளது. 1975-இல் நாமாவும் கிச்சியும் இராசத்தானின் மூஞ்சூற்றிலிருந்து ஒரு புதிய நாடாப்புழுவை விவரித்துச் செக்கோஸ்லோவாக்கியாவின் ‘ஃபோலியா பாராசிட்டோலாஜிக்கா’ இதழில் வெளியிட்டனர். ஸ்டாஃபைலோசிஸ்டிஸ் சஞ்சோரென்சிஸ் என்பது அதன் பெயர். கிரெனோபிளின் மரவட்டைக்குள் கிடந்த திராட்சைக் குலையும் சாஞ்சோர் என்னும் பாலைநில ஊரும் அப்பெயரில் அருகருகே நிற்கின்றன.

கப்பலேறிய மூஞ்சூற்றோடு அதன் புழுக்களும் ஏறினவா, புதிய கரையில் புதிய வண்டுகளுக்குள் புகுந்தனவா, அங்கிருந்த எலிகளுக்கும் பரவினவா என்பன வீட்டுத் திண்ணையிலேயே தொடங்கக்கூடிய கேள்விகள். அவற்றுக்கு வேண்டிய பொருள் தொலைவில் இல்லை. வேண்டியது ஒழுங்கு: பிடித்த இடமும் நாளும் குறித்த சீட்டு, இறந்த உடனே திறக்கப்பட்ட குடல், கொக்கி படுத்துப் பதிந்த தகடு, மரபணுவுக்கென ஆல்கஹாலில் இட்டுவைத்த ஒரு துண்டு, இவை அனைத்தும் அழியாமல் காக்கும் ஓர் அருங்காட்சியக அலமாரி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அடுத்த தலைமுறை அதே புழுவுக்கு இன்னொரு பெயரிடும். எல்லாம் இருந்தால், ரென் நகரில் 1843-இல் எழுந்த கேள்வியை இந்திய மூஞ்சூற்றைக் கொண்டும் தொடர இயலும்.